துரைசானி நின்ற இடங்கள்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் நின்றுவிட்டாள். ஏற்காட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, ஆறாம் வளைவு. காலை பத்தே கால்.

எந்த அறிகுறியும் இல்லை. இஞ்சின் சத்தம் மட்டும் திடீரென்று காணாமல் போனது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்து ஓரம் சேர்த்தார். நான் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் கட்டையைத் தள்ளினேன். அது என் வேலை. லாரிக்குக் கிளீனர் இருப்பதுபோல் இந்தக் காருக்கு நான்.

இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனாள்.

இனிமேல் எழுதி வைக்கப் போகிறேன். எங்கே நின்றாள், எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது. இது என் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நோட்டு. நாலு பக்கம்தான் எழுதியிருந்தேன். மீதி சும்மாதான் கிடக்கிறது, என்னைப் போல.

நின்ற இடம்: ஆறாம் வளைவு. காரணம்: தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவளைப் பற்றி ஒழுங்காக எழுதவில்லை என்று தோன்றியது.

இருபத்திரண்டு வயது. மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர். எஸ்டேட் அம்மாவுக்கு அப்பாதான் பத்தொன்பது வருடம் டிரைவர். அந்த அம்மா தன் மகளோடு பெங்களூருக்குப் போனபோது சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அப்பா வாடகைக்கு ஓட்டுகிறார். துரைசானி என்பது காப்பி பறிக்க வருகிறவர்கள் வைத்த பெயர். அந்த அம்மாவுக்கு வைத்தார்களா, காருக்கு வைத்தார்களா, தெரியாது. இப்போது கார்தான் அந்தப் பெயரோடு எங்கள் ஊர் தலைச்சோலையில் இருக்கிறது.

இரவு நிறுத்தி வைத்தால் காலையில் பின்பக்கம் குந்தி உட்கார்ந்திருப்பாள். சாவி போட்டதும் பெருமூச்சு விட்டு எழுந்திருப்பாள். பின் கண்ணாடி ஒன்று தானாகக் கீழே இறங்கும். அதற்கு ஒரு மூங்கில் சில்லு செருகியிருக்கிறோம். இடது பக்கம் முழுக்க ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். "வளைவுல அது நல்லதுதான?" என்பார் அப்பா. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மூன்று வருடமாக எரிகிறது. அம்மா அதன்மேல் தன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள். "அதையே பார்த்துட்டு இருந்தா உங்கப்பனுக்கு வெசனமாகுது."

இதெல்லாம் பழக்கமான வியாதிகள். நிற்கிற வியாதி மட்டும் புதிது. வைகாசியில் ஆரம்பித்தது.

செப்டம்பர் 13, சனி

ஏற்காட்டில் மரியதாஸ் அண்ணன் பட்டறை. அவர் தன் கருவியின் வயரைச் செருகி ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாதையண்ணா, என் டப்பா கேட்டுட்டே இருக்குது. இவ வாயே தொறக்க மாட்டேங்கறா. பம்ப்பை மாத்தியாச்சு, ரிலேயை மாத்தியாச்சு. இனி மாத்தறதுன்னா டிரைவரைத்தானுங்க மாத்தோணும்."

"மாத்திப் பாரு," என்றார் அப்பா. "ஊட்டை விட்டு வெளியவே வர மாட்டா."

பிறகு மரியதாஸ் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்ன கண்ணு, கூடவே போற. நீ சொல்லு, அவளுக்கு எங்க நோவு?"

தரையில் ஒரு நட்டு கிடந்தது. அதையே பார்த்தேன். வகுப்பில் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொன்னபோதும் இப்படித்தான். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் குரல் வரவில்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும்.

"சரியாப் போச்சு. இவளும் அவளும் ஒரே ரகம்," என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

ஏரியை நாலு சுற்று சுற்றிப் பார்த்தோம். சமர்த்தாக ஓடினாள். பட்டறை ஆள் கூட இருந்தால் மட்டும் நிற்கவே மாட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

நின்ற இடம்: மூன்றாம் வளைவு. இறங்கும்போது. வெயில். காரணம்: தெரியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மலர் அக்காவை மாரமங்கலத்திலிருந்து அழைத்து வந்துவிட்டோம். ஏழாம் மாதம். பிரசவம் வரை இங்கேதான். துரைசானி நல்லபடியாக நடந்துகொண்டாள். அக்கா பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஏ சக்தி, ஆஸ்பத்திரிக்கும் இதுலதான் போவேன். ஜீப்புல போனா வளைவு வளைவுக்கு ஒண்ணு பெக்கோணும்," என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. நடுவில் இரண்டு தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அம்மா இறங்கியதும் முதல் வேலையாகக் காரின் வலது பின்சக்கரத்துக்கு மேலே குனிந்து பார்த்தாள். அங்கே உள்பக்கம் ஒரு குளவிக் கூடு இருக்கிறது. சித்திரையில் ஒரு குளவி மண் உருண்டை மண் உருண்டையாகச் சுமந்து கட்டியது. அப்பா தண்ணீர் பீய்ச்சிக் கழுவப் போனபோது அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, குளவி கூடு கட்டுனா ஊட்டுல கொழந்த வரும். கலைச்சுப்போடாதீங்க." எட்டாம் நாள் மாரமங்கலத்திலிருந்து போன் வந்தது, அக்காவுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று.

அதிலிருந்து அந்தச் சக்கரத்தின் பக்கம் யாரும் ஒரு துணிகூடக் கொண்டுபோவதில்லை. மூன்று சக்கரம் பளபளப்பு, ஒன்று மட்டும் சேறு.

செப்டம்பர் 29, திங்கள்

ஏறும்போது நின்றாள். அடிவாரத்தில் டீ குடிக்க அரைமணி நேரம் நிறுத்தியிருந்தோம். ஓய்வு கொடுத்தால் நிற்க மாட்டாள் என்பது அப்பாவின் கணக்கு. ஓய்வு கொடுத்தும் நின்றாள்.

நின்ற இடம்: பதினெட்டாம் வளைவு. காரணம்: களைப்பு இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. நோட்டை முதலிலிருந்து படித்தேன். நோட்டுக்கு முந்தின நாட்களையும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். மழை, வெயில், ஏற்றம், இறக்கம், ஆள் நிறைய, ஆள் குறைவு. எதிலும் ஒழுங்கு இல்லை.

பிறகு நிற்காத நாட்களைப் பார்த்தேன். அதை ஏன் இத்தனை நாள் பார்க்கவில்லை?

சும்மா கொஞ்ச தூரம் ஓடினால் நிற்பதில்லை. ரொம்ப தூரம் ஓடினாலும் சில நாள் நிற்பதில்லை. அந்தச் சில நாட்களில் எல்லாம் வழியில் பெட்ரோல் போட்டிருக்கிறோம். எல்லா நாளும்! ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனால் நிற்கும்போதும் டேங்கில் பாதிக்கு மேல் இருக்குமே. பெட்ரோல் இல்லாமல் நிற்கவில்லை.

டீக்கடையில் நிறுத்தினாலும் ஓய்வு. பங்க்கில் நிறுத்தினாலும் ஓய்வு. அப்படியானால் டீக்கடையில் நடக்காதது எது பங்க்கில் நடக்கிறது?

மூடியைத் திறக்கிறார்கள்.

அக்டோபர் 7

அப்பாவிடம் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் சாப்பிட வாங்கப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை, "இப்பத்தானே சாமி சாப்பிட்டேன்?" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

துண்டுக் காகிதத்தில் எழுதி மீட்டர் கண்ணாடியில், அம்மாவின் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். "அடுத்த தடவை நின்றால் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கப்பா."

அப்பா படித்தார். வண்டியை எடுத்தார்.

நாலாம் வளைவில் நின்றாள். நான் கட்டை போட்டு நிமிர்வதற்குள் அப்பா பின்பக்கம் போயிருந்தார். மூடியைத் திருகினார். அப்போது வந்த சத்தம்! தண்ணீருக்குள் மூழ்கியிருந்த ஆள் வெளியே வந்து மூச்சை இழுப்பானே, அப்படி. ரொம்ப நேரம் இழுத்தாள். அப்பா ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் நடு மலையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். குரங்குகள் எங்களைப் பார்த்தன.

நின்ற இடம்: நாலாம் வளைவு. காரணம்: மூச்சு முட்டல்.

அக்டோபர் 11, சனி

அப்பா சொன்னதைக் கேட்டு மரியதாஸ் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "டேங்குக்குக் காத்து போக ஒரு குழாய் இருக்குதுங்க. அது அடைச்சா, பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்து இல்லாம இறுகிப்போகும். பம்ப்பு இழுக்க முடியாம விட்டுரும். நான் ரெண்டு பம்ப்பை மாத்துன முட்டாள்!" என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "யாருங்க கண்டுபிடிச்சது?"

அப்பா என்னைக் காட்டினார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடினார். வலது பின்சக்கரத்துக்கு மேலே. குழாயின் வாயை மூடி, குளவிக் கூடு.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து சக்கரத்துக்கு முன்னால் நின்றாள்.

"மலர் பெத்துப் பொழச்சு வர்ற வரைக்கும் அதுல ஒருத்தரும் கை வெக்கக்கூடாது."

"அக்கா, அது வெறும் மண்ணுங்க..." என்று மரியதாஸ் அண்ணன் அம்மாவிடம் ஆரம்பித்தார்.

"ரெண்டு போயிருச்சு தம்பி. மூணாவதுக்கு நீ பொறுப்பெடுத்துக்கறயா?"

மரியதாஸ் அண்ணன் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, டார்ச்சை அணைத்துவிட்டார்.

அப்பாவுக்கும் பயம். எனக்கும்தான். மண் என்று தெரியும். ஆனாலும்.

முடிவு: வழியில் இரண்டு தடவை நிறுத்தி மூடியைத் திறந்து மூடுவது. மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல் வாடை உள்ளே வந்து அக்கா அன்று முழுக்க வாந்தி.

அக்டோபர் 24, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

சேலத்திலிருந்து ஏறும்போது கொட்டுகிற மழை. மூடியைத் திறந்தால் டேங்குக்குள் தண்ணீர் போய்விடும் என்று அப்பா நிறுத்தாமல் வந்தார். மேலே போய்த் திறக்கலாம், இன்னும் நாலு வளைவுதானே என்றார். பதினேழில் — நடு வளைவில் — நின்றுவிட்டாள். பின்னாலேயே பஸ். ஏற்றம். இஞ்சின் நின்றதும் பிரேக் கல்லாகிவிட்டது, துரைசானி மெதுவாகப் பின்னால் உருள்கிறாள். அப்பா "சக்தி!" என்று கத்தினார். நான் எப்போது இறங்கினேன் என்று நினைவில்லை. கட்டை போட்டபோது பஸ்ஸின் மூஞ்சி என் முதுகுக்கு ஒரு முழம்.

பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "ஏனுங்ணா, இது கல்யாண வண்டியா கருமாதி வண்டியா?"

அப்பா திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சொல்வார்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணிகூட மாற்றாமல் போன் பண்ணினார். சேலத்தில் பெரியசாமி என்று ஒருவர், பழைய பெரிய கார்களை வாங்கிப் பிரித்து விற்பவர். நவம்பர் பத்தாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "கொழந்தையோட இருக்கற புள்ளைய இதுல ஏத்த மாட்டேன். ஜீப்பு சொல்லிக்கலாம்."

அக்காவின் நாள் நவம்பர் கடைசி. அதற்குள் துரைசானி இருக்க மாட்டாள்.

அக்டோபர் 25

அப்பா இன்று காலையில் அவளைத் துடைத்தார். மூன்று சக்கரத்தையும்.

அக்டோபர் 27, திங்கள்

அக்கா என் நோட்டைப் படித்துவிட்டாள். எனக்குக் கோபம். அவளுக்குச் சிரிப்பு.

"அவ மூச்சு முட்டறதைக் கண்டுபிடிச்ச. எனக்கும்தான் மூச்சு முட்டுது, அதை எந்த நோட்டுல எழுதி வெச்சிருக்கற? இவன் ஒதைக்கற ஒதையில..."

"அக்கா, அந்தக் கூட்டை எடுத்தா—"

சிரிப்பு நின்றுவிட்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "தெரியல கண்ணு. எடுக்கலாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவளிடம் கேட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மா சந்தைக்குப் போனபோது டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் படுத்துப் பார்த்தேன். இத்தனை நாளில் யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை.

கூட்டில் மூன்று ஓட்டைகள். உருண்டையாக, பென்சில் முனையால் குத்தியது போல, வெளியே பார்த்து. உள்ளே குச்சி விட்டேன். காலி. மூன்றும் காலி. எப்போதோ, ஆனியிலோ ஆடியிலோ, குஞ்சுகள் துளைத்துக்கொண்டு பறந்துபோய்விட்டன. நாங்கள் காலி வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறோம். மிச்சம் இருப்பது அடிமண் மட்டும். அதுதான் அவள் மூச்சை அடைக்கிறது.

அம்மாவிடம் சொல்லலாம். சொல்லத் தெரிந்தால் நான் ஏன் நோட்டில் எழுதுகிறேன்?

நவம்பர் 5, புதன்

எடுத்துவிட்டேன்.

காலை ஏழு மணி. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். ஈரத்துணியை ஒற்றி மண்ணை ஊறவைத்து, தோசைத் திருப்பியை அடியில் விட்டு நெம்பினேன். முழுசாக வந்தது. உடையவில்லை. குழாயில் வாய் வைத்து ஊதினேன், காற்று போனது. மறுபடி எதுவும் கட்டாமல் இருக்க டீ வடிகட்டியின் வலையை வெட்டிக் குழாய் வாயில் கட்டினேன்.

கூட்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து, அதன்மேல் வைத்து, என் துணிக்கு அடியில்.

யாரிடமும் சொல்லவில்லை. சக்கரத்தில் மறுபடி சேற்றைப் பூசிவிட்டேன்.

நவம்பர் 6

அம்மா காலையிலிருந்து டீ வடிகட்டியைத் தேடுகிறாள். டீயில் தூள் மிதக்கிறது. அப்பா துப்பிக்கொண்டே குடித்தார்.

நவம்பர் 8, சனி. சேலம் பெரிய ஆஸ்பத்திரி, மதியம்

என்னால்தானா? என்னால்தான். மூணு வாரம் முன்னாடியே வலி வந்திருச்சு. நான் எடுத்து மூணாவது நாளு. வேற என்ன காரணம் சொல்றது?

காலை ஆறரைக்கு அக்கா அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரில் வாடகைக்கு ஓடும் ஜீப்பு மலைக்குக் கீழே போயிருந்தது. அப்பா ஒரு நிமிடம் துரைசானியைப் பார்த்தார், பிறகு சாவியை எடுத்தார். அம்மாவும் அக்காவும் பின்சீட்டில். நான் முன்னால், மடியில் கட்டை. மழை.

பதின்மூன்றாம் வளைவு வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார், மூடியைத் திறக்க. அக்கா கத்தினாள். குடை எங்கே என்று அம்மா தேடினாள்.

"நிறுத்த வேண்டாம்ப்பா."

என் குரல்தான். அவ்வளவு சத்தமாக அது எனக்கே கேட்டதில்லை.

"நின்னுருவா சாமி."

"நிக்க மாட்டா. ஓட்டுங்கப்பா. எனக்குத் தெரியும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். என்ன பார்த்தாரோ, கியரை மாற்றினார். ஆறாம் வளைவு. நாலாம் வளைவு. மூன்றாம் வளைவு. என் நோட்டில் இருக்கிற எல்லா இடங்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இடது வளைவுகளில் அவளாகவே ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கினாள். அடிவாரம் வந்தபோது அப்பாவின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது, கண்ணாடி மூடியிருந்தும்.

அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று எழுதி முடித்ததும் அம்மா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும், ஒரே மூச்சில், அழுதுகொண்டே. சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள். அது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அம்மா அடிக்கவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"உள்ள புழு கிழு இருந்துச்சா?"

"இல்லீங்கம்மா. எல்லாம் பறந்து போயிருச்சு. ஓட்டை இருந்துச்சு."

"எத்தனை ஓட்டை?"

"மூணு."

"மூணும் பொழச்சுப் போயிருச்சா?"

"மூணும்."

அம்மா வாய்க்குள் எதையோ எண்ணினாள். இரண்டு விரலை மடக்கி, மூன்றாவதை மடக்காமல் வைத்திருந்தாள். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுவும் பொழச்சுக்கும்," என்றாள். பிறகு, "அப்ப வடிகட்டி?"

"அதுவும் நாந்தான்."

"அடி கழுதை. நொம்ப நாளா இருந்த வடிகட்டிடி அது." என் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். "கூட்டைத் தூக்கிப் போட்டுட்டயா?"

"டப்பாவுல இருக்குது."

"இருக்கட்டும். அதுல ஒரு துளி மண்ணைத் தொட்டில் துணி முனையில முடிஞ்சு வெக்கோணும்."

மாலை நாலு இருபதுக்குப் பிறந்தது. பெண். இரண்டு கிலோ நானூறு. கொஞ்சம் சின்னது, ஆனால் நல்ல குரல். எனக்கு இல்லாததெல்லாம் அவளுக்கு இருக்கிறது. அக்கா தூங்குகிறாள்.

நவம்பர் 10

பெரியசாமி போன் பண்ணினார், வண்டியை எடுக்க வரட்டுமா என்று. அப்பா, "எந்த வண்டிங்க?" என்று கேட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கிளம்பும் முன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நாலு சக்கரத்தையும் துடைத்தார். அம்மா மஞ்சள் விளக்கின் மேல் புதுப் பொட்டு ஒட்டினாள். பழையதை எடுத்துப் பார்த்தால் விளக்கு இன்னும் எரிகிறது. எரியட்டும்.

ஏற்காட்டில் மரியதாஸ் அண்ணன் ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார். ஒரு சுற்றுலாக்காரரின் கார் பட்டறையில் நிற்கிறதாம், நாலு நாளாக, காரணம் தெரியவில்லையாம். "திங்கக்கிழமை ஒரு நடை வந்து போ கண்ணு. நீ பேச வேண்டாம், நோட்டை மட்டும் எடுத்துட்டு வா."

"வர்றேனுங்க," என்றேன்.

இன்றைய கணக்கு. சேலத்திலிருந்து தலைச்சோலை. வழியில் பெட்ரோல் போடவில்லை. மூடியைத் திறக்கவில்லை. மழை இல்லை. பின்சீட்டில் மூன்று பேர், அதில் ஒன்று ரொம்பச் சின்னது.

நின்ற இடம்: பதினான்காம் வளைவு, பதினைந்து நிமிடம். காரணம்: பாப்பாவுக்குப் பசி.